சான் கேப்ரியல்: சர்ச்சோட பேரை ஜனங்க மேல ஒட்டின ஊர்

லாஸ் ஏஞ்சல்ஸ் டவுன்டவுன்ல இருந்து கிழக்கால ஒரு 9 மைல் போனா சான் கேப்ரியல்னு ஒரு சின்ன ஊர் வரும். ஜனத்தொகை 40 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. இன்னைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க கிட்ட இந்தப் பேரைச் சொன்னா முதல்ல ஞாபகம் வர்றது சாப்பாடுதான், வேலி புலவார்டுன்னு ஒரு பெரிய ரோடு, அது நெடுக டம்ப்ளிங் கடை, நூடுல்ஸ் கடை, சீன மூலிகை மருந்துக் கடை, பேங்க், நகைக்கடை, போர்டுல பாதிக்குப் பாதி சீன எழுத்து. ஆனா அதே ரோட்டுல இருந்து வடக்கால திரும்பி அஞ்சு நிமிஷம் வண்டி ஓட்டினா 200 வருஷத்துக்கு மேல பழசான ஒரு கல்லு சர்ச், பார்க்க கோட்டை மாதிரி, ரோட்டோரமாவே நிக்குது. மிஷன் சான் கேப்ரியல் ஆர்க்காஞ்செல். லாஸ் ஏஞ்சல்ஸ்ங்கிற நகரம் பிறக்கிறதுக்கு 10 வருஷம் முன்னாடியே இது இங்க ஆரம்பிச்சாச்சு.

இந்த ஊரைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன், அதுக்குக் காரணம் பேருங்கிற விஷயம். பொதுவா எங்கயும் அங்க வாழ்ந்த ஜனங்க தங்க பாஷையில வச்ச பேருதான் ஊருக்கு நிக்கும். இங்க தலைகீழா நடந்துருக்கு. வெளியில இருந்து வந்தவங்க ஒரு சர்ச் கட்டி அதுக்கு கபிரியேல் தூதரோட பேரை வச்சாங்க, அப்புறம் அந்த சர்ச்சோட பேரையே எடுத்து அங்க ஆயிரக்கணக்கான வருஷமா இருந்தவங்க மேல ஒட்டிட்டாங்க: கேப்ரியலீனோ. ஒரு ஜனத்துக்கே பேரு போயிடுச்சு. அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு கூட்டமும் முன்னாடி இருந்தவங்களோட பேரு மேல தன்னோட பேரை எழுதிக்கிட்டே வந்துருக்கு, அதைத்தான் இங்க வரிசையா சொல்லப் பார்க்கிறேன்.

முதல்ல இருந்தவங்களை இன்னைக்கு பெரும்பாலும் டோங்வான்னு சொல்றாங்க. அவங்க வம்சத்துலயே சில பேர் அந்தப் பேரை ஒத்துக்கிறது இல்ல, கீச் அப்படிங்கிறதுதான் எங்க பேருன்னு சொல்றாங்க, இந்தச் சண்டை இன்னும் முடியல. பேரைப் பிடுங்கினதோட விளைவு இது, 250 வருஷம் கழிச்சும் தாங்க யாருன்னு சொல்றதுக்கே அவங்களுக்குள்ள ஒரு முடிவுக்கு வர முடியல. லாஸ் ஏஞ்சல்ஸ் சமவெளி முழுக்க, கடலுக்குள்ள இருக்கிற கேட்டலீனா தீவு வரைக்கும் அவங்க கிராமங்க இருந்துச்சு. பலகைங்களைக் கயிறால கட்டி, இடுக்குல தாரு பூசி படகு செஞ்சு தீவுக்குப் போய்ட்டு வந்துட்டு இருந்தாங்க. ஓக் மரத்துக் கொட்டையை இடிச்சு மாவாக்கி, தண்ணி ஊத்தி ஊத்திக் கசப்பை எடுத்து, கூழாக் காய்ச்சிக் குடிப்பாங்க. அவங்க பாஷையில ங்கா-ன்னு முடிஞ்சா அது இடத்தைக் குறிக்கும், நம்ம பட்டி, பாளையம், ஊர் மாதிரின்னு வச்சுக்கோங்களேன். டொபாங்கா, டுஹங்கா, கஹுவெங்கா எல்லாம் அப்படி மிச்சமான பேருங்கதான். தினமும் லட்சக்கணக்கான பேர் ஃப்ரீவே போர்டுல இந்தப் பேரைப் பார்த்துட்டு வண்டி ஓட்டுறாங்க, இது எந்த பாஷைன்னு பெரும்பாலானவங்களுக்குத் தெரியாது.

இப்ப ஸ்பெயின்காரங்க. கலிஃபோர்னியாவை ஸ்பெயின் ரொம்ப காலமா மேப்புல மட்டும்தான் வச்சிருந்துச்சு. வடக்குல இருந்து ரஷ்யாக்காரங்க இறங்கி வந்துருவாங்களோன்னு பயம் வந்ததும் 1769-ல அவசர அவசரமா ஆளுங்களை அனுப்பினாங்க. குடியேத்துறதுக்கு ஸ்பெயின்ல இருந்து ஜனங்களைக் கொண்டு வர்றது கஷ்டம், அதனால இருக்கிற ஜனங்களையே ஸ்பெயின் குடிமக்களா மாத்திடலாம்னு ஒரு திட்டம், அதுக்குப் பேருதான் மிஷன். நமக்கு மிஷன்னா மிஷன் ஆஸ்பத்திரி, மிஷன் ஸ்கூல்தான் ஞாபகம் வரும். இது அந்த மாதிரி இல்ல. சர்ச், பண்ணை, பட்டறை, குடியிருப்பு, ராணுவக் காவல் எல்லாம் ஒரே வளாகத்துல. ஞானஸ்நானம் வாங்கிட்டா அதுக்கப்புறம் அனுமதி இல்லாம வெளிய போகக்கூடாது, ஓடிப்போனா சிப்பாய்ங்க தேடிப் பிடிச்சு கூட்டிட்டு வருவாங்க, சவுக்கடி உண்டு. கல்யாணம் ஆகாத பொண்ணுங்களை ராத்திரி ஒரே அறையில வச்சு வெளிய பூட்டிடுவாங்க.

1769-ல இருந்து 1823 வரைக்கும் கலிஃபோர்னியா கடலோரமா இப்படி 21 மிஷன் கட்டினாங்க, ஜுனிபெரோ செர்ரா அப்படிங்கிற, ஃபிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியார்தான் இதோட முதல் தலைவர். நாலாவது மிஷன் சான் கேப்ரியல், 1771 செப்டம்பர் 8-ஆம் தேதி ஆரம்பிச்சது. மாதா படத்தைப் பார்த்ததும் ஆயுதத்தோட வந்த ஜனங்க அமைதியாயிட்டாங்கன்னு ஒரு கதையை எல்லா இடத்துலயும் சொல்லுவாங்க. அதே வருஷம் நடந்த இன்னொண்ணை அவ்வளவா சொல்ல மாட்டாங்க. மிஷன் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே ஒரு சிப்பாய் அந்தப் பக்கத்துத் தலைவரோட மனைவியை பலாத்காரம் பண்ணினான், நியாயம் கேட்டு சண்டைக்கு வந்த தலைவரைச் சுட்டுக் கொன்னு தலையை வெட்டிக் கம்புல குத்தி வச்சாங்க. எதிரிங்க கட்டிவிட்டதுன்னு இதைத் தள்ளிட முடியாது, செர்ராவே வேதனையோட எழுதி மேலிடத்துக்கு அனுப்பின விஷயம் இது.

முதல்ல கட்டின இடம் ஆத்தோரமா தாழ்வா இருந்துச்சு, வெள்ளம் வந்து கெடுத்துச்சு, அதனால 1775-ஐ ஒட்டி இப்ப இருக்கிற இடத்துக்கு மாத்தினாங்க. 10 வருஷம் கழிச்சு, 1785 அக்டோபர்ல, மிஷன் மேல தாக்குதல் நடத்த ஒரு திட்டம். அதுல முக்கியமான ஆள் டோய்புரீனா, அப்ப அவங்களுக்கு வயசு 25 இருக்கும், மந்திர சக்தி உள்ளவங்கன்னு சுத்துப்பட்டு கிராமங்க மதிச்ச பொண்ணு. அவங்களைக் கூப்பிட்டது மிஷனுக்குள்ளேயே ஞானஸ்நானம் வாங்கி இருந்த நிகோலாஸ் ஹோசே, தங்களோட பழைய ஆட்டத்தையும் சடங்கையும் தடை பண்ணிட்டாங்கன்னு அவருக்குக் கோபம், பாசிமணிகளைக் குடுத்து ஆளுங்களைச் சேர்க்கச் சொல்லியிருக்கார். விஷயம் முன்னாடியே வெளிய தெரிஞ்சு போச்சு, ராத்திரி உள்ள வந்தவங்க எல்லாரும் மாட்டிக்கிட்டாங்க. விசாரணையில டோய்புரீனா சொன்னது, இவங்க வந்து எங்க மண்ணுல உட்கார்ந்துட்டாங்க, அதனாலதான் கோபம், அப்படிங்கிறதுதான். அவங்களை சொந்த ஊரை விட்டே வடக்கால அனுப்பிட்டாங்க, ஞானஸ்நானம் குடுத்தாங்க, ஒரு ஸ்பெயின் சிப்பாயைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, 1799-ல செத்துப்போனாங்க. ஊருக்குத் திரும்பவே இல்ல. இன்னைக்கு லாஸ் ஏஞ்சல்ஸ்ல அவங்களை சுவர்ல பெரிய ஓவியமா வரைஞ்சு வச்சிருக்காங்க.

இதுக்கு நடுவுல 1781-ல மெக்சிகோவோட சோனோரா, சினலோவா பக்கத்துல இருந்து 11 குடும்பம், மொத்தம் 44 பேர், புது ஊர் ஒண்ணு கட்டுறதுக்காக சான் கேப்ரியல் வந்து சேர்ந்தாங்க. கூட வந்த சில குழந்தைங்களுக்கு அம்மை போட்டு அப்பதான் ஆறியிருந்ததால மிஷனுக்குள்ள விடாம கொஞ்ச தூரத்துலயே நிறுத்தி வச்சிருந்தாங்களாம். இந்த 44 பேர் போய் ஆரம்பிச்சதுதான் லாஸ் ஏஞ்சல்ஸ். ஸ்பெயின் வெள்ளைக்காரங்க கட்டின நகரம்னு ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தாங்க, ஆனா அப்ப எடுத்த கணக்குலயே பாதிக்கு மேல ஆப்பிரிக்க ரத்தம் கலந்தவங்க, மிச்சத்துல நிறைய பேர் மெக்சிகோ பழங்குடி. இப்பவும் வருஷா வருஷம் அவங்க வம்சாவளிக்காரங்க சான் கேப்ரியல் மிஷன்ல இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் பழைய சதுக்கம் வரைக்கும் அந்த 9 மைலை நடந்து போறாங்க.

சர்ச் கட்டடத்தைப் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும். 1791-ல ஆரம்பிச்சு 1805-ல முடிச்சாங்க. மத்த மிஷன் எல்லாம் வெள்ளையடிச்ச முகப்பு, வளைவு வராந்தான்னு இருக்கும், இது அப்படி இல்ல. ரோட்டைப் பார்த்து நிக்கிறது முகப்பே இல்ல, பக்கவாட்டுச் சுவர். அந்த நீளச் சுவருக்கு முட்டுக் குடுத்த மாதிரி வரிசையா கனமான தூணுங்க, ஒவ்வொண்ணு தலையிலயும் கூம்பு மாதிரி ஒரு தொப்பி, நடுவுல ஒடுக்கமான உயர ஜன்னல். வெளிப்பக்கமாவே ஒரு கல்படி ஏறுது, அது பாட்டுக்காரங்க நிக்கிற மாடத்துக்குப் போற வழி. இதைத் திட்டம் போட்ட பாதிரியார் அந்தோனியோ குருசாடோ ஸ்பெயின்ல கோர்டோபா பக்கத்துக்காரர், அந்த ஊர் கதீட்ரல் ஒரு காலத்துல மசூதி, அதோட சாயல்தான் இங்க வந்துருக்குன்னு சொல்லுவாங்க. அதைக் கட்டினது டோங்வா கைங்க. அரபுக்காரங்க ஸ்பெயின்ல கட்டின மசூதியோட சாயலை பசிபிக் கடலோரப் பழங்குடி ஜனங்க சுண்ணாம்புல எழுப்பினாங்கங்கிறதை அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துட்டு நினைச்சா உடம்பு சிலிர்க்குது. 1812 டிசம்பர்ல பூகம்பம் வந்து மணிக்கோபுரம் விழுந்துருச்சு, அதுக்குப் பதிலா கட்டினதுதான் இப்ப எல்லா போட்டோலயும் வர்ற, ஆறு மணி தொங்குற சுவர்.

வளாகத்துல ஒரு பழைய திராட்சைக் கொடி இருக்கு, தாய்க்கொடின்னு பேரு. ஸ்பெயின்ல இருந்து கொண்டு வந்த திராட்சையோட வாரிசுன்னுதான் எல்லாரும் நினைச்சுட்டு இருந்தாங்க. டிஎன்ஏ டெஸ்ட் பண்ணிப் பார்த்தா அது கலப்பு. ஒரு பக்கம் பாதிரியாருங்க கொண்டு வந்த திராட்சை, இன்னொரு பக்கம் அந்த மண்ணுலயே வளர்ற காட்டுத் திராட்சை. லாஸ் ஏஞ்சல்ஸ் பழைய சதுக்கத்துல ஒரு வீட்டு வாசல்ல இருக்கிற கொடியும் இதோட கிளைதான்னு அதே டெஸ்ட்ல தெரிஞ்சுது.

கலிஃபோர்னியாவுல முதல் பெரிய ஆரஞ்சுத் தோட்டம், திராட்சை ஒயின், மாட்டுத்தோல், சோப்பு, கோதுமைன்னு இந்த மிஷன் நல்லா சம்பாதிச்சுது. ஆனா சர்ச்சுக்குப் பக்கத்துலயே இருக்கிற கல்லறைத் தோட்டத்துல சுமார் 6,000 பழங்குடி ஜனங்களைப் புதைச்சிருக்காங்க. அந்தத் தோட்டம் ரொம்ப சின்னது. அம்மை, தட்டம்மை, மேகநோய் இதெல்லாம் அவங்க உடம்புக்கு முன்னாடி தெரியாத நோய்ங்க, அதோட நெருக்கடியான அறையில எல்லாரையும் ஒண்ணா அடைச்சு வச்சது, குழந்தைங்கதான் முதல்ல போச்சு. உள்ள செத்தவங்க இடத்தை நிரப்புறதுக்கு இன்னும் தள்ளி இருக்கிற கிராமங்கள்ல இருந்து ஆளுங்களைக் கொண்டு வந்துட்டே இருந்தாங்க, அதனாலதான் மிஷன் பெருசாகிட்டே போன மாதிரி வெளியில தெரிஞ்சுது.

1821-ல மெக்சிகோ ஸ்பெயின் கிட்ட இருந்து சுதந்திரம் வாங்கிச்சு, கலிஃபோர்னியாவும் அதோட கைக்குப் போச்சு, 1833, 34-ல மிஷன் சொத்தை எல்லாம் சர்ச் கையில இருந்து எடுத்தாங்க. சட்டப்படி பாதி நிலம் பழங்குடி ஜனங்களுக்குப் போகணும். போகல. செல்வாக்கு உள்ள குடும்பங்களுக்குத்தான் பெரிய பெரிய பண்ணையாப் போச்சு. நிலம் கிடைச்ச ரொம்பக் கொஞ்சப் பேர்ல ஒருத்தங்க விக்டோரியா. அவங்க சொந்த கிராமம் கோமிக்ராபிட், சின்னப் பொண்ணா மிஷனுக்கு வந்தப்போ பர்தோலோமேயான்னு பேரு வச்சாங்க, அப்புறம் ஹியூகோ ரீட்ங்கிற ஸ்காட்லாந்துக்காரரைக் கல்யாணம் பண்ணினதும் டோன்யா விக்டோரியா. ஒரே பொம்பளைக்கு எத்தனை பேரு பாருங்க. அவங்க கிட்டயும் அவங்க சொந்தக்காரங்க கிட்டயும் கேட்டுத்தான் ரீட் 1852-ல லாஸ் ஏஞ்சல்ஸ் பத்திரிகையில பழங்குடி ஜனங்களைப் பத்தி 22 கடிதம் எழுதினார், இன்னைக்கு டோங்வா பாஷை, சடங்கு பத்தி எதை ஆராய்ச்சி பண்ணினாலும் அதைப் புரட்டாம முடியாது. கடிதத்துல பேரு அவரோடது மட்டும். அந்த வருஷமே அவர் செத்துட்டார், விக்டோரியா கையில இருந்த நிலம் எல்லாம் ஒவ்வொண்ணாப் போச்சு, 1868-ல அம்மை நோயில அவங்களும் போய்ட்டாங்க.

கலிஃபோர்னியா அமெரிக்கா கைக்குப் போனப்புறம் நிலைமை இன்னும் மோசம். 1850-ல கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டுச்சு, பழங்குடிங்களைப் பாதுகாக்கிறதுக்குன்னு பேரு, ஆனா வேலை இல்லாம திரியிறான்னு பிடிச்சு அவன் உழைப்பை ஏலம் விடலாம். லாஸ் ஏஞ்சல்ஸ்ல வாராவாரம் இது நடந்துச்சு, குடிச்சான்னு பிடிக்கிறது, திராட்சைத் தோட்டக்காரங்களுக்கு ஏலம் விடுறது, வாரக் கடைசியில கூலியா சாராயத்தையே குடுக்கிறது, மறுபடி பிடிக்கிறது. 1851, 52-ல பழங்குடிங்களோட நிலம் சம்பந்தமா 18 ஒப்பந்தம் போட்டாங்க, அமெரிக்க செனட் ஒண்ணையும் ஒத்துக்கல, காகிதத்தையே ரகசியமா பூட்டி வச்சிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் டோங்வா ஜனங்களுக்கு மத்திய அரசோட அங்கீகாரம் இல்ல, 1994-ல மாநிலம் மட்டும் அங்கீகரிச்சுது.

சான் கேப்ரியல் நகராட்சி ஆனது 1913 ஏப்ரல்ல. அந்த நேரத்துல அங்க மெக்சிகன் குடும்பங்க ஆரஞ்சுத் தோட்டத்துலயும் ரயில்வேலயும் வேலை செஞ்சுட்டு இருந்தாங்க. அதே சமயம் சுற்றுலா வர்ற வெள்ளைக்காரங்களுக்காக ஒரு கற்பனை ஸ்பெயின் உருவாச்சு. 1912-ல மிஷன் வரலாற்றை ஒரு பெரிய நாடகமா போட ஆரம்பிச்சாங்க, நல்ல பாதிரியார், நன்றியுள்ள பழங்குடி, கிட்டார், ரோஜாப்பூ, இப்படி. 20 லட்சம் பேருக்கு மேல பார்த்துருக்காங்க. அதுக்காகவே 1927-ல ஒரு பிரம்மாண்டமான தியேட்டர் கட்டினாங்க, உள்ள ஸ்பெயின் ராஜா குடுத்த திரைச்சீலைங்க கூட தொங்குது, இன்னைக்கும் ஊர்ல அது இருக்கு. மேடையில ஸ்பானிஷ்னு சொன்னா கைதட்டல். 1930-கள்ல வேலை இல்லாத காலம் வந்தப்போ அதே ஸ்பானிஷ் பேசுற மெக்சிகன் குடும்பங்களை, அமெரிக்காவுலயே பிறந்த குழந்தைங்களையும் சேர்த்து, லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்து ரயில் ரயிலா மெக்சிகோவுக்கு அனுப்பினாங்க. செத்துப்போன ஸ்பெயின்காரனைக் கொண்டாடினாங்க, பக்கத்து வீட்டுல உயிரோட இருந்த மெக்சிகனைப் போகச் சொன்னாங்க. எனக்கு இந்த இடத்துல ரொம்பவே கோபம் வருது.

சீனர்கள் விஷயமும் அந்த 1913-ல இருந்தே தொடங்குது. ஊர் நகராட்சி ஆன அடுத்த மாசம் கலிஃபோர்னியாவுல ஒரு நிலச் சட்டம் வந்துச்சு, குடியுரிமை வாங்கத் தகுதி இல்லாதவங்க விவசாய நிலம் வாங்கக்கூடாது. அப்ப சட்டப்படி அந்தத் தகுதி இல்லாதவங்கன்னா ஆசியாக்காரங்கதான். 1952-லதான் அதை கோர்ட் தூக்கி எறிஞ்சுது. 1965-ல குடியேற்றச் சட்டம் மாறினதும் படிச்ச, கையில காசு உள்ள தைவான், ஹாங்காங் குடும்பங்க வர ஆரம்பிச்சாங்க. பக்கத்து ஊர் மான்டரே பார்க்ல ஃப்ரெடரிக் ஷேங்கிற ரியல் எஸ்டேட்காரர் 1970-கள்ல இந்த ஊரை சீனர்களோட பெவர்லி ஹில்ஸ்னு (அது லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துல பணக்காரங்க இருக்கிற ஊர்) சொல்லியே தைவான்லயும் ஹாங்காங்லயும் விளம்பரம் பண்ணினார். 1979-ல அமெரிக்கா தைவானை விட்டுட்டு பெய்ஜிங்கை ஏத்துக்கிட்டப்போ பயத்துல இன்னும் நிறைய பேர் வந்தாங்க. 1975-க்கு அப்புறம் வியட்நாம்ல இருந்து தப்பிச்சு வந்தவங்கள்ல நிறைய பேர் சீன வம்சம்தான், அவங்களும் இந்தப் பக்கமே தங்கினாங்க.

கடை போர்டு சீன எழுத்துல இருக்கக்கூடாது, இங்கிலீஷ்தான் ஆட்சி மொழின்னு 1986-ல மான்டரே பார்க்ல பெரிய தகராறு. அங்க இடமும் நெருக்கடி, வாடகையும் ஏறுது, கடைங்க எல்லாம் வேலி புலவார்டைப் பிடிச்சுக்கிட்டு கிழக்கால நகர்ந்துச்சு, அப்படித்தான் சான் கேப்ரியலுக்கு வந்தாங்க. கார்ல உட்கார்ந்தே படம் பார்க்கிற ஒரு பழைய டிரைவ்-இன் தியேட்டர் இருந்த இடத்துல 1990-களோட தொடக்கத்துல சான் கேப்ரியல் ஸ்கொயர்னு பெரிய சைனீஸ் மால் எழும்புச்சு. கூரையைப் பார்த்தா சிவப்பு ஓடு, வளைவு, பழைய மிஷன் ஸ்டைல். உள்ள வாத்து வறுவல், மீன் தொட்டி. ஸ்பெயின் வேஷம் போட்ட கட்டடத்துக்குள்ள சீனக் கடைங்க, அந்த ஊருக்கு அது பொருத்தமாத்தான் இருக்கு. 2010 சென்சஸ்ல ஊர்ல 60 சதவீதத்துக்கு மேல ஆசியர், லத்தீன் அமெரிக்கர் நாலுல ஒரு பங்கு. 2006-ல சீ முய் முதல் சீன அமெரிக்க மேயர் ஆனார், பாவம், பதவிக்கு வந்த கொஞ்ச நாள்லயே புற்றுநோய்ல இறந்துட்டார்.

2015-ல போப் பிரான்சிஸ் செர்ராவைப் புனிதர் ஆக்கினார், பழங்குடி வம்சத்துல நிறைய பேருக்கு அது பெரிய அடி. 2020 ஜூன்ல கலிஃபோர்னியா பூரா செர்ரா சிலைங்களை இழுத்துப் போட்டாங்க, சான் கேப்ரியல் மிஷன்ல வாசல்ல நின்ன சிலையை மிஷன்காரங்களே உள்ள தோட்டத்துக்கு மாத்தி வச்சாங்க. சில வாரத்துல, ஜூலை 11 விடியக்காலை, சர்ச் தீப்பிடிச்சு மரக்கூரை முழுசா எரிஞ்சு உள்ள விழுந்துருச்சு. 250-வது வருஷ விழாவுக்காக அப்பதான் வேலை பார்த்து முடிக்கப் போற சமயம். அதனாலேயே பல பழைய ஓவியங்களைக் கழட்டி வெளிய வச்சிருந்தாங்க, அது தப்பிச்சுது. நாலு அடிக்கு மேல தடிமனான சுவருங்க அப்படியே நின்னுச்சு. அடுத்த வருஷம் ஒருத்தர் மேல தீ வச்சதா கேஸ் போட்டாங்க.

திரும்பக் கட்டித் திறந்தப்போ மியூசியத்தையும் மாத்தி அமைச்சாங்க, நான் இதைத்தான் முக்கியமா நினைக்கிறேன். ஒரு சுவர் முழுக்கப் பேரு. மிஷன்ல ஞானஸ்நானம் வாங்கின 7,000-க்கும் மேற்பட்ட பழங்குடி ஜனங்களோட பேரை, பாதிரியாருங்க எழுதி வச்ச பதிவேட்டுல இருந்தே எடுத்து, வரிசையா எழுதி வச்சிருக்காங்க. மரியா, ஹோசே, ஹுவான், மறுபடி மரியாங்கிற மாதிரி பெரும்பாலும் ஸ்பானிஷ் பேருங்கதான், பிறந்தப்போ அம்மா அப்பா வச்ச பேரு நிறைய பேருக்கு எழுதாமலே விட்டுட்டாங்க. ஆனா அந்தப் பதிவேட்டை வச்சுத்தான் இன்னைக்கு டோங்வா குடும்பங்க தங்க கொள்ளுத்தாத்தாவுக்குக் கொள்ளுத்தாத்தா யாரு, எந்த கிராமம்னு கண்டுபிடிச்சுட்டு இருக்காங்க.

2022-ல இன்னொண்ணும் நடந்துச்சு. சான் கேப்ரியலுக்கு வடக்கால மலையடிவாரத்துல அல்டடீனான்னு ஒரு ஊர், அங்க ஒரு ஏக்கர் நிலத்தை அதோட சொந்தக்காரங்க டோங்வா ஜனங்களோட நில அறக்கட்டளைக்கே எழுதிக் குடுத்துட்டாங்க. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்துல கிட்டத்தட்ட 200 வருஷத்துக்கு அப்புறம் அவங்க பேருக்குத் திரும்பின முதல் நிலம் அதுதான். அதுல ஓக் மரங்க நிக்குது, கீழ விழுற கொட்டையைப் பொறுக்கி, இடிச்சு, கசப்பு எடுத்து, கூழு காய்ச்ச மறுபடி கத்துக்கிட்டு இருக்காங்க.